பல்லுக்குத்தும் முரசு வீக்கமும்: வீட்டில் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது, நிறுத்த வேண்டிய இடம்

பகலில் பொறுக்கக்கூடியதாக இருந்த பல்லுக்குத்து, இரவு பாயில் சரிந்ததும் மண்டையைப் பிளக்கத் தொடங்கும். இதற்குக் காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் சின்ன அறை ஒன்று உண்டு. அதன் சுவர் நாலா பக்கமும் கடினமான பல். உடம்பில் வேறு எங்கு வீங்கினாலும் தோல் இளகி இடம் கொடுக்கும். இந்த அறைக்குள் வீங்க இடமில்லை. படுத்தவுடன் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடும்போது, அது முழுவதும் அந்த நரம்பின்மேல் விழுகிறது.

கைவைத்தியம் எதுவரை போகும் என்பதையும் இதே அமைப்புத்தான் தீர்மானிக்கிறது. கராம்பும் உப்பும் வலியை அடக்கும், அழுக்கைக் கழுவும், முரசின் வீக்கத்தை இறக்கும். மூடிய அறைக்குள் புகுந்துவிட்ட கிருமியை அவை எட்டமாட்டா. திருகோணமலை மாவட்டத்தின் ஈச்சிலம்பற்றிலோ புல்மோட்டையிலோ நடு இரவில் வலி எடுத்தால் விடியும்வரை தாங்க வேண்டும். கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போனவர் கரை திரும்பும்வரை சமாளிக்க வேண்டும். கீழே சொல்லப்படுபவை அந்த இடைவெளிக்கானவை. முரசு வியாதி மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே வீட்டுப் பராமரிப்பே பாதி வைத்தியம்.

முதலில் எந்த வலி என்று பாருங்கள்

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். டோர்ச் வெளிச்சமும் கண்ணாடியும் போதும். வலிக்கும் பக்கத்தில் கருமையான குழி, உடைந்த விளிம்பு, முரசில் சிவப்பு, சின்னப் பரு போன்ற சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தேக்கரண்டியின் பிடியால் சந்தேகப்படும் பல்லையும் அதன் இருபக்கத்துப் பற்களையும் மெதுவாகத் தட்டுங்கள். எந்தப் பல் என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.

குளிர்த் தண்ணீரோ சீனியோ பட்டுச் சுள்ளென்று வலித்து, சில விநாடிகளில் நின்றுவிட்டால் நரம்பு இன்னும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறது. ஆரம்பச் சூத்தையாக இருக்கலாம், தேய்ந்த பல்லாக இருக்கலாம். அடைத்தால் சரியாகும் கட்டம் இது. இந்தக் கட்டத்தில் போகிறவர்தான் பல்லைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

சூடான தேநீர் பட்டதும் வலி எழும்பி நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று தெறித்தால், தானாகவே இரவில் எழுப்பினால், நரம்பு மீள முடியாத அழற்சிக்குப் போய்விட்டது. குளிர்த் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் ஆறுதல் என்றால் நரம்பு சாகும் தறுவாயில் இருக்கிறது. இரண்டொரு நாளில் வலி திடீரென்று நின்றுவிடும். அதைக் 'கராம்பு கேட்டது' என்று எண்ணி விடுகிறவர்கள் ஏராளம். நரம்பு செத்ததால் வலி நின்றது. கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து வருவது சீழ்க்கட்டி: பல் மற்றவற்றைவிட உயர்ந்துவிட்டது போல இருக்கும், கடித்தால் உயிர் போகும், கன்னம் வீங்கும்.

வலி பல்லில் இல்லாமல் முரசில் இருந்தால், துலக்கும்போது இரத்தம் வந்தால், வாய் நாறினால் அது முரசு வியாதி. மேல் கொடுப்புப் பற்கள் நாலைந்தும் ஒன்றாக மந்தமாக நோகின்றன, குனிந்தால் கூடுகிறது, தடிமனும் இருக்கிறது என்றால் குற்றம் பல்லில் இல்லாமல் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் இருக்கலாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மாடிப்படி ஏறும்போது அல்லது பாரம் தூக்கும்போது கீழ்த் தாடை நொந்து, ஓய்ந்தால் குறைகிறது, கூடவே நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ இருக்கிறது என்றால் அது மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். கராம்பு தேடும் நேரமல்ல; 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

இடுக்கில் சிக்கியதை எடுத்தல்

மீனும் சோறுமாக வாழும் ஊரில் இதை முதலில் சோதிக்காமல் விடக்கூடாது. சூடை, கீரி மீன்களின் மயிரிழை முள் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இறங்கிவிட்டால், அடுத்த நாள் அந்த இடம் வீங்கி 'சூத்தை வலி' போலவே நோகும். மாம்பழ நார், கச்சான் தோல், மாட்டிறைச்சித் தும்பு எல்லாம் இதையே செய்யும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரால் பலமாக இரண்டு மூன்று தடவை கொப்பளியுங்கள். பிறகு பார்மசியில் கிடைக்கும் பல் நூலில் ஒரு முழம் எடுத்து, இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடையே இரண்டு அங்குலம் மட்டும் விடுங்கள். வாள் அறுப்பது போல் முன்னும் பின்னும் அசைத்து இடுக்குக்குள் இறக்குங்கள். அமுக்கி இறக்கினால் முரசை வெட்டும். ஒரு பல்லின் ஓரத்தை அணைத்து மேலிழுங்கள், பிறகு மற்றப் பல்லை. நூலில் நடுவே முடிச்சொன்று போட்டுப் பக்கவாட்டாக இழுத்தால் பிடிவாதமான தும்பும் வரும். முள்ளின் நுனி தெரிந்தால் நெருப்பில் காய்ச்சி ஆறவைத்த சிறு இடுக்கியால் எடுங்கள். ஊசியாலும் ஈர்க்கினாலும் கிண்டவே கூடாது. உடைந்த முள் உள்ளே போனால் வீட்டில் எடுக்க வழியில்லை.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால், அங்கே இரு பற்களுக்கும் நடுவில் சூத்தை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர்

எளிமையானது என்பதால் அக்கறையில்லாமல் செய்யப்படுவது இதுதான். கொதித்தாறிய தண்ணீர் ஒரு தம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லிலீற்றர். அதில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. சூடு, கையில் ஊற்றினால் சுகமாக இருக்கும் அளவு. ஒரு வாய் எடுத்து, தலையை வலிக்கும் பக்கம் சரித்து, அரை நிமிடம் வைத்திருந்து துப்புங்கள். தம்ளர் முடியும்வரை இப்படியே. சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்னும், நாளுக்கு மூன்று நான்கு தடவை.

நிலாவெளிப் பக்கத்து உப்பளக் கல்லுப்பு என்றால் முழுவதும் கரைந்து, அடியில் மண்டி தங்கிய பிறகு மேல்நீரை மட்டும் எடுங்கள். கரையாத கல் முரசை உரசும். கூட உப்புப் போட்டால் கூட நன்மை என்ற கணக்கும் பிழை. கடல்நீரைப் போல் கரிக்கும் தண்ணீர் முரசை உலர்த்தி எரியவைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பினால் போதும், பயம் வேண்டாம்.

பல் பிடுங்கியவர்களுக்கு ஒரு விலக்கு: முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, பலமாகத் துப்பவும் கூடாது. குழியில் உறைந்த இரத்தக்கட்டிதான் காயத்தின் மூடி. அது கழன்றால், சிகரெட் இழுத்தாலும் கழலும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் பிடுங்கிய வலியைவிடக் கொடிய வலி வரும். அதற்கு மருந்து வைத்துக் கட்டுவது வைத்தியரின் வேலை.

கராம்பு

கராம்பு வெறும் நம்பிக்கை அல்ல. அதில் உள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்கிறது. கிருமியையும் ஓரளவு அடக்குகிறது. பல் வைத்தியர்கள் தற்காலிக அடைப்புக்கு துத்தநாக ஒக்சைட்டோடு சேர்த்துக் குழைப்பதும் இதே யூஜினோலைத்தான். குழி உள்ள பல்லில் மிக நன்றாக வேலை செய்யும். குழியே இல்லாத பல்லிலும் வேர் நுனிச் சீழிலும் அவ்வளவாகக் கேட்காது. உள்ளே போக வழி வேண்டும் அல்லவா?

முழுக் கராம்பு என்றால் ஒன்றிரண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். மொட்டுத் தலையை மெதுவாக நசுக்கி, வலிக்கும் பல்லின்மேல் வைத்து மெல்லக் கடித்துப் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். விறைத்த பக்கத்தில் கன்னத்தையோ நாக்கையோ கடித்துவிடுவது வழக்கமாக நடப்பது. விறைப்பு இறங்கும்வரை சாப்பிட வேண்டாம்.

கராம்பு எண்ணெய் என்றால் பக்குவம் கூட வேண்டும்.

1. ஒரு துளி கராம்பு எண்ணெய்க்கு ஐந்து துளி தேங்காய் எண்ணெய் கலக்குங்கள்.
2. உப்புத் தண்ணீரால் கொப்பளித்து, குழியில் உள்ள சோற்றுப்பருக்கையை வெளியேற்றுங்கள். பஞ்சால் குழியை ஒற்றி ஈரத்தை எடுங்கள். எச்சில் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது.
3. நெல்லளவு பஞ்சுருண்டையைக் கலவையில் தோய்த்து, தம்ளர் விளிம்பில் அழுத்திச் சொட்டில்லாமல் பிழிந்து, குழிக்குள் மட்டும் வையுங்கள்.
4. பதினைந்து நிமிடத்தில் எடுத்து வாய் கொப்பளியுங்கள். நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

கலக்காத எண்ணெய் முரசிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பட்டால் வெள்ளையாக வெந்துபோகும். அப்புறம் இரண்டு வலி. பஞ்சை உள்ளே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு எண்ணெயைப் பாவிக்கவே வேண்டாம். ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே பிள்ளையின் ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது அது. போத்தலை உயரத்தில் வையுங்கள்.

கறுவா எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுவா இலையில் வடித்த எண்ணெயிலும் யூஜினோல்தான் பெரும்பங்கு. பட்டையில் வடித்தது வேறு சரக்கு; வாயைப் புண்ணாக்கும். பெயர் ஒன்று என்பதற்காகப் பாவிக்கக் கூடாது.

குளிரும் தலையணையும்

கன்னம் வீங்கியிருந்தால் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, வெளிப்புறத்தில் 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் விட்டு, மறுபடி வையுங்கள். ஐஸ் இல்லையென்றால் குளிர்த் தண்ணீரில் நனைத்த துவாய். வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் கைப்பழக்கம். சீழ்க்கட்டியில் அது தவறு. சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டி, வலியையும் வீக்கத்தையும் பெருக்கும். படுக்கும்போது இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள். சாய்கதிரையில் தூங்கினால் இன்னும் நல்லது.

மாத்திரை

உண்மையைச் சொன்னால், கடும் பல்லுக்குத்தில் சரியான அளவில் போட்ட மாத்திரை எந்த மூலிகையையும்விட நன்றாகக் கேட்கும். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு தடவை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். வைத்தியரிடம் அளவு கேளுங்கள். தடிமன் மாத்திரைகளிலும் பரசிட்டமோல் இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணாமல் அளவு மீறுகிறவர்கள் உண்டு.

பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துக் கொடுங்கள்: கிலோவுக்கு ஒரு தடவை 10 முதல் 15 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால், 16 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவை கூடியது 10 மில்லிலீற்றர், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை.

ஐபுபுரூஃபன் பல் வலிக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நாளுக்கு மூன்று தடவை வரை, இரண்டு மூன்று நாள். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய், இளைப்பு, கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், அங்கே இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்புக் கனம்.

மாரிகாலத்தில் இன்னொரு ஆபத்து. பல்லும் நோகிறது, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ஐபுபுரூஃபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் இரத்தக்கசிவைக் கூட்டும். முரசில் திடீரென்று இரத்தம் கசிவதே டெங்குவின் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று. காய்ச்சல் இருந்தால் பரசிட்டமோல் மட்டும், கூடவே இரத்தப் பரிசோதனை.

மிச்சம் கிடந்த அமொக்சிசிலின் நாலைந்தை விழுங்குவது பலர் செய்வது. நரம்பு அழற்சி வலிக்கு அன்டிபயோட்டிக் எதுவும் செய்யாது. சீழ் பரவிக் காய்ச்சல் வரும்போதுதான் அதற்கு வேலை, அதுவும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்து. அரைகுறையாகப் போட்டால் கிருமிக்குப் பழக்கம் பிடித்துவிடும். மெட்ரோனிடசோல் தந்திருந்தால் அது முடிந்து இரண்டு மூன்று நாள் கழியும்வரை சாராயமும் கள்ளும் வேண்டாம்.

முரசு வீக்கமும் இரத்தக் கசிவும்

துலக்கினால் இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை. இரத்தம் வருவது அங்கே அழுக்குப் படிந்திருப்பதால். துலக்காமல் விட்டால் படிவு கூடும், வீக்கமும் கூடும். மென்மையான தூரிகையை முரசு விளிம்பில் 45 பாகை சரித்து வைத்து, இடத்தைவிட்டு நகர்த்தாமல் சின்னதாக அதிரவைத்து, பிறகு பல்லின் பக்கம் வழித்தெடுங்கள். காலை, இரவு இரண்டு நிமிடம், புளோரைட் உள்ள பற்பசையுடன். முதல் மூன்று நாள் இரத்தம் கூடுவது போலத் தெரியும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் கல்லுப் போல் இறுகிய படிவு முரசுக்குக் கீழே இருக்கிறது. அதை உப்பும் எடுக்காது, வேம்பும் எடுக்காது, கருவியால்தான் எடுக்க வேண்டும்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது பொய்யில்லை. அந்த வேல் வேலமரம்; வேம்பும் அதே வேலையைச் செய்யும். வேப்பங்குச்சியைச் சுண்டுவிரல் தடிப்பில் இளசாக வெட்டி, பட்டையைச் சீவி, நுனியை மென்று தும்பாக்கி, முரசிலிருந்து பல்லின் நுனிப் பக்கமாகத் தேய்த்தால் நன்றாகத் துப்பரவாகும். குறுக்கே அறுத்தால் முரசு தேய்ந்து இறங்கும். நுனியை ஒவ்வொரு நாளும் வெட்டிப் புதிதாக்குங்கள். கரி, செங்கல் தூள், மணல் போன்றவை பல்லின் எனாமலை அராவும். போன எனாமல் திரும்ப வளராது.

கொய்யா இலை முரசுக்கு நல்ல துணை. தளிரும் முற்றலும் அல்லாத ஏழெட்டு இலையைக் கழுவிக் கிழித்து, இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒரு தம்ளராக வற்றும்வரை காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்புடன் நாளுக்கு இரு தடவை கொப்பளியுங்கள். இலையின் துவர்ப்பு முரசை இறுக்கும். மறுநாள் புதிதாகக் காய்ச்சுங்கள், வைத்திருந்தால் கெடும். மஞ்சளில் கால் தேக்கரண்டியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வீங்கிய முரசில் பூசி, ஐந்து நிமிடத்தில் கழுவலாம். நிறம் ஏற்றாத, கலப்படமில்லாத மஞ்சள் வேண்டும். வீட்டில் இடித்தது பாதுகாப்பு. எண்ணெய் கொப்பளிப்பது பழக்கமென்றால் செய்யுங்கள், கெடுதலில்லை. வலிக்கு மருந்தாக எதிர்பார்க்க வேண்டாம்.

பார்மசி மருந்துகளில் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் நம்பத்தக்கது. 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரு தடவை, கூடியது இரண்டு வாரம். பற்பசை போட்டுத் துலக்கிய உடனே பாவித்தால் பற்பசையின் நுரைச் சரக்கு அதை முறித்துவிடும். அரை மணி நேரம் கழியுங்கள். பிளேன்டீ குடிக்கிறவர்களுக்குப் பல்லில் கபிலக் கறை பிடிக்கும். பிறகு துப்பரவாக்கலாம், பயப்பட வேண்டாம்.

கடைசிக் கொடுப்புப் பல் பாதி முளைத்த நிலையில் அதன்மேல் முரசு மடலாக மூடியிருந்தால், அதன் அடியில் சோறு புகுந்து வீங்கும். வாய் திறக்கவும் கஷ்டமாகும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை எடுத்து, மடலின் அடியில் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் செய்தால் இரண்டு நாளில் இறங்கும். இறங்காவிட்டால் காத்திராதீர்கள்.

நீரிழிவு இருந்தால் முரசு வியாதி வேகமாக முற்றும். முரசு கெட்டால் சீனியும் கட்டுக்குள் நிற்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒருபோதும் செய்யக்கூடாதவை

அஸ்பிரினை முரசில் வைப்பது அமிலத்தை வைப்பது, தோல் உரியும். பச்சை உள்ளியை நசுக்கிக் கட்டுவதும் அதே புண்ணைத் தரும். மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரித் தண்ணீர் குழியில் விடுவது நஞ்சு. தேசிக்காய்ச் சாறு எனாமலைக் கரைக்கும். சீழ்க்கட்டியை ஊசியால் குத்தினால் கிருமி ஆழத்துக்குப் போக வழி திறக்கும்.

வெற்றிலையோடு புகையிலை வைத்து மரக்கச் செய்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றுநோயாக்கி. இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று ஒன்று. கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை, சிவப்புத் திட்டோ நோகாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வாய் திறக்கும் அளவு சுருங்கி வந்தால், உடனே காட்டுங்கள். நோகவில்லை என்பதால்தான் பலர் பிந்திப் போகிறார்கள்.

எப்போது, எங்கே போவது

தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் அல்லது கண்ணை நோக்கி வீக்கம் ஏறுகிறது, நாக்கின் அடி தடித்து நாக்கு மேலே தள்ளப்படுகிறது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் மாறுகிறது, மூச்சு முட்டுகிறது, நடுக்கத்துடன் காய்ச்சல்: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கழுத்துக்குள் இறங்கும் சீழ் மணிக்கணக்கில் மூச்சுக்குழாயை அடைக்கும். 1990ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசர பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் பல் கிளினிக் பூட்டியிருக்கும் என்று தயங்க வேண்டாம்.

ஆபத்து அடையாளம் இல்லாவிட்டாலும், வலி இரண்டு நாளைத் தாண்டினால், ஒரு தரம் சீழ் வந்து வடிந்தால், வலி தானாக நின்றுபோனால் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சை இலவசம். 3 முதல் 13 வயதுவரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் காட்டலாம். காலையில் நேரத்தோடு போய் இலக்கம் எடுங்கள். பல் பிடுங்க நேரலாம் என்பதால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும்.

போகும்போது குடிக்கும் மாத்திரைகளின் அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நீரிழிவு, அழுத்தம், இருதய வால்வு நோய், இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, கர்ப்பம் எதுவானாலும் கதிரையில் சாய்வதற்கு முன்பே சொல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது, சூட்டுக்கா குளிருக்கா கூடுகிறது, இரவில் எழுப்புகிறதா, எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, பல்லில் கராம்பெண்ணெய் வைத்ததா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால், நீண்ட வரிசைக்குப் பின்னால் கிடைக்கும் அந்தச் சில நிமிடத்தில் ஒன்றும் விடுபடாது. பல்லைப் பிடுங்கலாம் என்று சொன்னால், நரம்பை எடுத்து அடைத்துப் பல்லை வைத்திருக்க வழி உண்டா என்று கேளுங்கள்.